கிருமிக்குப் பெயரான மருத்துவர்

என் பேத்திக்குப் பசும்பால் ஆகாது. ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலும் உடலெங்கும் தடித்துவிடும். மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, அவர் முதலில் கேட்டவை வேறு: சுகப்பிரசவமா, தாய்ப்பால் எத்தனை மாதம், முதல் ஆண்டில் எத்தனை முறை ஆன்டிபயாடிக் தரப்பட்டது? குழந்தையின் குடலில் குடியேறிய பாக்டீரியாக்களின் கதையையே அவர் விசாரித்தார் என்பது பிறகுதான் புரிந்தது. அக்கதையை எழுதத் தொடங்கியவரைத் தேடிப் படித்தேன்.

தியோடர் எஷெரிக் 1857இல் ஜெர்மனியின் அன்ஸ்பாக் நகரில் பிறந்தவர். வயிற்றுப்போக்கால் பச்சிளங் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த காலம் அது. கொல்லும் கிருமியைப் பிடிக்க மருத்துவ உலகம் விரைந்துகொண்டிருக்க, மியூனிக்கில் இவர் நலமான குழந்தையின் குடலில் என்ன இருக்கிறது என்று முதலில் அறிய விரும்பினார். அந்தப் பொறுமைதான் என்னைக் கவர்ந்தது. நாள்தோறும் குழந்தைகளின் மலத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். பிறந்தவுடன் வெளியேறும் கருமலத்தில் அவர் பாக்டீரியாக்களைக் காணவில்லை. சில மணி நேரத்திலேயே அவை வெளியிலிருந்து வந்து குடியேறின; அருந்தும் பாலுக்கேற்ப அவற்றின் வகையும் மாறியது. 1885இல் இதை அறிவித்து, மறு ஆண்டே நூலாக்கினார்.

அப்போது அவர் விவரித்த பாக்டீரியா ஒன்றுக்கு 1919இல் அவர் பெயரையே சூட்டினர், ஒரு காலத்தில் கொழும்பில் பணியாற்றிய காஸ்டெல்லானியும் சால்மர்சும். அதுவே ஈ.கோலை. குடிநீர் மாசுபட்ட செய்திகளில் நாம் அஞ்சிப் படிக்கும் அப்பெயர், குழந்தைகளுக்காக வாழ்ந்த ஒருவருடையது.

1902இல் வியன்னாவின் புனித அன்னா குழந்தைகள் மருத்துவமனைக்குத் தலைமையேற்றார். தாய்ப்பாலை வலியுறுத்தினார், சிசுப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பை நிறுவினார். அவருடைய மகன் பத்து வயதில் குடல்வால் அழற்சியால் இறந்தான். குழந்தைகளின் குடலை அவரளவு அறிந்தவர்கள் அன்று மிகச் சிலரே.

அவரிடம் பணியாற்றிய இளைஞர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. தொண்டை அடைப்பானுக்குக் குதிரைச் சீரம் செலுத்தப்பட்ட குழந்தைகளில் சிலருக்குத் தடிப்பும் காய்ச்சலும் தோன்றுவதை ஆராய்ந்து, 1906இல் 'அலர்ஜி' என்ற சொல்லை உருவாக்கியவர் அவர்தான். குடல் பாக்டீரியாவும் ஒவ்வாமையும் ஒரே கூரையின்கீழ் ஆராயப்பட்டன, ஆனால் தனித்தனியே. 1911இல் எஷெரிக் 53 வயதில் மறைந்தபோது அவருடைய இடத்துக்கு வந்தவரும் பிர்கேதான்.

இரண்டையும் இணைத்துப் பார்க்கும் ஆய்வுகள் பெருக ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. நலமான குழந்தைகளின் குடல் பாக்டீரியாக்களைப் பெற்ற எலிகள் பசும்பால் ஒவ்வாமையிலிருந்து காக்கப்பட்டன என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. பால் ஒவ்வாமையுள்ள குழந்தைகளிடமிருந்து பெற்றவற்றுக்கு அந்தக் காப்பு கிட்டவில்லை. எலிக்குப் பலித்தது குழந்தைக்கும் பலிக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கடைகளில் விற்கும் 'நல்ல பாக்டீரியா' பொடிகளோ அதற்குள் வாக்குறுதியே அளித்துவிடுகின்றன.

எங்கள் மருத்துவர் பொடி எதுவும் எழுதித் தரவில்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். தம் கண்ணெதிரே சில துளிப் பால் கொடுத்துப் பார்ப்பாராம்.