தண்ணியைத் திருப்பியவர் – கர்னல் பென்னிகுயிக்



நம்ம அனுமந்தன்பட்டி வயக்காட்டுல நடவு நடக்கும்போது வாய்க்கால்ல ஓடுற தண்ணி எங்கிருந்து வருதுன்னு கேட்டா, சின்னப் பிள்ளை கூட முல்லைப் பெரியாறுன்னு சொல்லிடும். அதைக் கட்டினவர் பேரும் எல்லாருக்கும் தெரியும். ஆனா அவர் வாழ்க்கை முழுசா எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த மாதச் சுவர் இதழில் அதைத்தான் எழுதியிருக்கேன்.

இளமை

ஜான் பென்னிகுயிக் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி நம் நாட்டில் உள்ள புனே நகரில் பிறந்தார். அப்பா ஆங்கிலேயப் படையில் பெரிய அதிகாரி. 1849 ஜனவரி 13-இல் பஞ்சாபில் சில்லியன்வாலா என்ற இடத்தில் சீக்கியப் படையோடு சண்டை நடந்தது. அதில் அப்பாவும் அண்ணன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் இறந்து போனார்கள். இரண்டு நாள் கழித்து வந்ததுதான் நம் பென்னிகுயிக்கின் எட்டாவது பிறந்தநாள். யோசிச்சுப் பாருங்க, நம்ம மூணாம் வகுப்புப் பையன் வயசு!

அதன் பிறகு இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும், அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியிலும் படித்தார். சென்னை மாகாணப் பொறியாளர் படையில் சேர்ந்து 1860-இல் இந்தியா வந்தார். கிரிக்கெட் என்றால் அவருக்கு உயிர்.

மேற்கே ஓடிய ஆறு

அந்தக் காலத்தில் மதுரைச் சீமையில் அடிக்கடி பஞ்சம். 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான மக்கள் செத்தார்கள். மலைக்கு இந்தப் பக்கம் குடிக்கத் தண்ணி இல்லை. அந்தப் பக்கம் பெரியாறு வெள்ளமாப் போய்க் கடலில் கலந்தது. அதைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் புதுசு இல்லை. ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை 1789-இலேயே ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார். பணம் இல்லாமல் அது நின்று போச்சு. பின்னால் வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருத்தர் இது ஆகாத காரியம் என்று எழுதி வைத்துவிட்டார்.

1882-இல் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பு பென்னிகுயிக் கைக்கு வந்தது. 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் ஆனது. 1887-இல் வேலை தொடங்கியது.

காடும் காய்ச்சலும்

ஆற்றுக்குக் குறுக்கே போட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடிச்சிட்டுப் போச்சு. யானை, மலேரியா, அட்டைக்கடி, விடாத மழை. நோயில் மட்டும் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் பேர் நமக்குத் தெரியாது. அவர்களும் அணையைக் கட்டினவங்கதான்.

சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) கலந்த காரையில் 155 அடி உயர அணை எழும்பியது. தேங்கின தண்ணியைக் கிழக்கே கொண்டுவர தேக்கடிப் பக்கம் மலையைக் குடைந்து ஏறத்தாழ 5,700 அடி நீளத்துக்குச் சுரங்கப் பாதை வெட்டினார்கள். 1895 அக்டோபர் 10-இல் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்து வைத்தார்.

இங்கே ஒரு விஷயம். அவர் தன் சொத்தை எல்லாம் விற்று அணையைக் கட்டினார் என்று நம்ம பக்கம் சொல்வாங்க. நானும் அப்படித்தான் எழுத இருந்தேன். எங்கள் அறிவியல் ஆசிரியர் திருத்தினார். அணைக்குச் செலவழித்தது சென்னை மாகாண அரசு என்றுதான் அரசுப் பதிவுகள் சொல்கின்றன. அதனால் அவர் பெருமை ஒண்ணும் குறையாது. வெள்ளம் அடித்துப் போன இடத்திலேயே மறுபடி மறுபடி கல் வைத்தாரே, அது ஒண்ணு போதும்.

தண்ணிக்குக் கடிவாளம்

பென்னிகுயிக் காலத்தில் சுரங்கத்து மதகைத் திறந்தால் தண்ணி சும்மா மலைச் சரிவில் விழுந்து ஓடும். அந்த வேகத்தில் கரண்ட் எடுக்கும் வேலை 1958-இல் லோயர் கேம்ப்பில் தொடங்கியது. 35 மெகாவாட் ஜெனரேட்டர் நாலு. மொத்தம் 140 மெகாவாட் என்று அமைத்தார்கள். குமுளி மலைப்பாதையில் பஸ்ஸில் போறப்ப பெரிய குழாய்கள் தெரியுமே, அதில் இறங்குற தண்ணிதான் டர்பைனைச் சுத்துது. ஒரு குழாய்க்கு நொடிக்கு 400 கன அடி வரைக்கும் போகும். மிச்சத் தண்ணி இரைச்சல்பாலம் வழியா வரும்.

இவ்வளவு பெரிய மெஷினை யார் பிடிச்சு நிறுத்துறது? வால்வுதான்! நம்ம கரண்ட் நொடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் வர வேண்டும். அதற்கு ஜெனரேட்டர் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். ஊரில் திடீர்னு மோட்டார் எல்லாம் நின்னா, பளு குறைஞ்சு ஜெனரேட்டர் வேகம் ஏறும். அதை கவர்னர் என்ற கருவி கண்டுபிடிக்கும். உடனே ஒரு சின்ன வால்வு கொஞ்சம் நகரும். அது அழுத்தத்தில் இருக்கிற எண்ணெயைப் பிஸ்டனோட ஒரு பக்கம் திருப்பிவிடும். பிஸ்டன் போய் டர்பைனின் தண்ணி வாசலைக் குறைக்கும். பளு கூடினா எண்ணெய் மறு பக்கம் போகும்; வாசல் அகலமாகும். கை விரல் பலத்தில் நகர்ற வால்வு, ஆயிரம் ஆள் சேர்ந்தாலும் அடைக்க முடியாத தண்ணியை அடைக்குது! இதே எண்ணெய் வித்தைதான் ஜேசிபி வண்டியின் கையிலும் இருக்கு.

ஆனா பட்டுன்னு அடைக்கக் கூடாது. தோட்டத்துக் குழாயில் வால்வைச் சடாரென்று மூடினால் டம்முன்னு அதிருமே, பார்த்திருக்கீங்களா? ஓடி வந்த தண்ணி முட்டிக்கொள்கிற சத்தம் அது. மலை உயரக் குழாயில் அப்படி முட்டினா குழாயே வெடிக்கும். அதனால் கவர்னர் எவ்வளவு அவசரமானாலும் அளவோடுதான் மூடும்.

கடைசிக் காலம்

1896-இல் பென்னிகுயிக் ஊர் திரும்பினார். இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 1899-இல் ஆஸ்திரேலியா போய் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தை எப்படித் தடுக்கலாம் என்று யோசனை எழுதிக் கொடுத்தார். 1911 மார்ச் 9-இல் கேம்பர்லி என்ற ஊரில் காலமானார். லோயர் கேம்ப்பில் விளக்கு எரிஞ்சதை அவர் பார்க்கவே இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அவர் திருப்பிய தண்ணியில்தான் விளையுது. லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். ஜனவரி 15 வந்தா நம்ம விவசாயிகள் அவருக்குப் பொங்கல் வைக்கிறாங்க.

நண்பர்களே, அடுத்த தடவை அந்தப் பொங்கலைச் சாப்பிடும்போது, காட்டில் காய்ச்சலில் செத்துப்போன அந்தப் பேர் தெரியாதவர்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்குவோம். வாய்க்கால்ல குப்பை போடாம இருப்போம்.


– 10-ஆம் வகுப்பு மாணவன்