லயனல் வெண்ட்: நிழலும் மனிதரும்

சென்ற ஆண்டு மும்பையில் ஒரு புகைப்படக் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். ஒரு படத்தில் வளைந்த வெள்ளைக் கோடு ஒன்று. அதன்கீழ் முழு இருட்டு. வடிவத்தின் அழகைப் பார் என்று வியந்தான் உடன்வந்த நண்பன். உற்று நோக்கினேன். அது எங்கள் லேபர் கேம்ப் குழாயடி. குனிந்து குடம் தூக்கும் என் தந்தையின் முதுகு! நண்பனிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அந்த மௌனத்தின் உறுத்தலே, இத்தகைய கலைக்கு நம் பக்கத்தில் முன்னோடியான லயனல் வெண்ட்டின் வாழ்வைத் தேடிப் படிக்கச் செய்தது.

வெண்ட் 1900இல் கொழும்பில் பிறந்தார். இலண்டனில் சட்டமும் பியானோவும் பயின்று 1924இல் திரும்பினார். சட்டத்தைத் துறந்தார், இசையைப் பற்றினார். பின்னர்க் காமிரா அவரைப் பற்றிக்கொண்டது. 1934இல் வெளிவந்த ‘சாங் ஆஃப் சிலோன்’ படத்தில் ஒலிப்பது அவர் குரலே. 1943இல் புதுமை ஓவியர்களைத் திரட்டி ‘43 குழு’ தோன்றக் காரணமானார். மறு ஆண்டே, 44ஆம் வயதில் மறைந்தார்.

இருட்டறையில் அவர் செய்தவை வேதியியல் மாணவனாகிய என்னைக் கவர்ந்தன. படம் கரைசலில் தெளிந்துவரும்போது ஒரு கணம் வெளிச்சம் பாய்ச்சினால், ஒளியும் நிழலும் ஓரளவு இடம் மாறும். உருவின் விளிம்பில் மெல்லிய கோடு பிறக்கும். இந்த முறையை அவர் திறம்படக் கையாண்டார். உழைப்பாளரின் உடலில், சிலைக்குரிய எழிலைக் கண்டார். செல்வர் வீட்டுப் பிள்ளை உழைப்பவனை வியந்து நோக்கியது சிறிய செயலா? அன்று!

ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அவர் இறந்தபின் நெகட்டிவ்கள் அழிந்தன, பெயர் அழியவில்லை. 1953இல் அவர் நினைவாகக் கொழும்பில் அரங்கமே எழுந்தது. படங்களில் நின்ற தோள்களுக்கும் முதுகுகளுக்கும் உரிய பெயர்கள் எங்கே? உருவம் கோடாகச் சுருங்கும்போது மனிதனும் சுருங்கிவிடலாமா?

நண்பர்களே, வடிவத்தை வியப்போம். அதற்குரியவர் யாரென்றும் கேட்போம். கேளாதவன் மட்டுமல்லன், தெரிந்தும் சொல்லாதவனும் குற்றவாளியே. அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன்: அந்த வளைந்த கோடு என் தந்தை.