நீதியரசர் ராதாவினோத பால்

போரில் வென்றவர் தோற்றவரோடு உடன்படிக்கை செய்துகொள்வது உலக வழக்கு. வென்றவரே தோற்றவருக்கு நீதிபதியாகவும் அமரலாமோ என வினவியவர், நாம் வாழும் இந்நகரின் ராதாவினோத பால்.

இன்று வங்கதேசத்திலுள்ள ஒரு சிற்றூரில், ஏழைக் குடும்பத்தில், 1886-ல் பிறந்தார். முதலில் கணித ஆசிரியர், பின்னரே வழக்கறிஞர். 1941-ல் கல்கத்தா ஹைகோர்ட் நீதிபதியானார். 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் இந்நகர்மீது குண்டு வீசியபோதும் அப்பதவியிலேயே இருந்தார்.

1946-ல் இந்தியாவின் சார்பில் டோக்கியோ விசாரணை மன்றத்தில் அமர்ந்தார். நீதிபதிகள் 11 பேருள் அவர் ஒருவரே, குற்றஞ்சாட்டப்பெற்ற 25 பேரும் நிரபராதிகள் எனத் தீர்த்தார். செயல் நிகழ்ந்தபின் சட்டம் வகுத்துத் தண்டித்தல் பழிவாங்கலேயன்றி நீதியன்று என்பது அவர் கட்சி. ஜப்பானியப் படையின் கொடுமைகளை அவர் மறுத்தாரல்லர். கூண்டில் நின்றோரே அவற்றை ஏவினர் என்பதற்குச் சான்று போதாது என்றார். சயாம் ரயில்பாதையில் மடிந்த மலேயாத் தமிழரை எண்ணுங்கால், இவ்விடத்து நம் நெஞ்சம் அவரோடு முற்றும் இசைய மறுக்கிறது. எழுவர் 1948 டிசம்பர் 23-ல் தூக்கிலிடப்பெற்றனர்.

1951-ல் ஸான்பிரான்ஸிஸ்கோ உடன்படிக்கையின் 11-ஆம் ஷரத்தால் ஜப்பான் அத்தீர்ப்பை ஏற்றது. அம்மாநாட்டுக்குச் செல்லாத இந்தியா, 1952 ஜூன் 9-ல் தனி உடன்படிக்கை செய்து, நஷ்டஈட்டுக் கோரிக்கையையும் விட்டுக்கொடுத்தது.

பால் 1959-ல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1967 ஜனவரி 10-ல் கல்கத்தாவில் காலமானார். டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில் 2005-ல் அவருக்கு நினைவுக்கல் எழுந்தது. கொடுமைகளைக் குறித்து அவர் எழுதிய பக்கங்களை அங்கு வணங்குவோர் மிகுதியும் புரட்டுவதில்லை போலும்.