சாராயத்துக்குச் சட்டம் வாங்கிய கர்னல் டெய்லர்

பாலில் தண்ணீர் கலப்பார்கள். மிளகில் பப்பாளி விதை சேர்ப்பார்கள். சாராயத்திலும் கலப்படம் உண்டு. அதை ஒழிக்க அமெரிக்காவில் ஒரு வியாபாரி பாடுபட்டார். அவர்தான் கர்னல் எட்மண்ட் டெய்லர்.

டெய்லர் 1830-ம் ஆண்டு கெண்டக்கி மாகாணத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். வங்கி நடத்தி வந்த சிற்றப்பா அவரை வளர்த்தார். டெய்லரும் முதலில் வங்கித் தொழில்தான் பார்த்தார். பிறகு பிராங்க்போர்ட் நகரில், ஆற்றங்கரையில் ஒரு சாராய ஆலையை வாங்கினார்.

போர்பன் என்பது என்ன?

கெண்டக்கியில் மக்காச்சோளம் ஏராளமாக விளைகிறது. அதை மற்ற தானியங்களோடு அரைத்து, ஊறல் போட்டு, காய்ச்சி வடிப்பார்கள். அதுதான் போர்பன் விஸ்கி. வடித்தவுடன் அது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். பிறகு ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி வைப்பார்கள். பீப்பாயின் உட்புறத்தைத் தீயில் கருக்கியிருப்பார்கள். சில வருஷம் அதில் கிடந்தால்தான் செம்பழுப்பு நிறமும் நறுமணமும் ஏறும்.

கண்ணும் நாக்கும் ஏமாந்தன

அந்தக் காலத்தில் நல்ல சரக்கை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள். பிறகு பாட்டிலைக் குலுக்குவார்கள். பெரிய குமிழிகள் எழுந்து நின்றால் வீரியம் அதிகம் என்று அர்த்தம். கடைசியில் நாக்கில் விட்டுப் பார்ப்பார்கள்.

மோசடிக்காரர்கள் இந்த மூன்று சோதனைகளையும் வென்றுவிட்டார்கள்! வெறும் சாராயத்தில் கருக்கிய சர்க்கரையைக் கலந்து நிறம் ஏற்றினார்கள். ஒருவகை எண்ணெயைச் சேர்த்துப் பொய்க் குமிழி எழுப்பினார்கள். பழச்சாறு கலந்து ருசி உண்டாக்கினார்கள். சிலர் புகையிலையைக்கூடச் சேர்த்தார்கள். நேற்று வடித்த சரக்கு, பழைய போர்பன் என்ற பெயரில் விலை போனது. குடித்தவர்களின் உடம்பு கெட்டது. ஒழுங்காகத் தொழில் செய்தவர்களின் பிழைப்பும் கெட்டது.

இதற்கு நடுவே டெய்லருக்கும் சோதனை வந்தது. கடன் கழுத்தை நெரித்தது. ஆசையாக வளர்த்த ஆலை கை மாறிப் போனது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1887-ம் ஆண்டு வேறோர் ஆலையைத் தொடங்கினார். அதைக் கோட்டை போலக் கல்லால் கட்டினார். பாட்டில் லேபிளில் தம் கையெழுத்தையே அச்சிட்டார்.

சர்க்கார் முத்திரை

தம் கையெழுத்து மட்டும் போதாது, சர்க்காரே சாட்சி சொல்ல வேண்டும் என்று டெய்லர் நினைத்தார். அப்போது நிதி மந்திரியாக இருந்த ஜான் கார்லைலும் கெண்டக்கிக்காரர்தான். அவருடைய ஆதரவும் கிடைத்தது. 1897-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி சட்டம் பிறந்தது.

சட்டம் சொன்னது இதுதான்: சரக்கு ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்ததாக இருக்க வேண்டும். சர்க்கார் காவலில் உள்ள கிடங்கில் குறைந்தது நான்கு வருஷம் இருக்க வேண்டும். வீரியம் 100 டிகிரி, அதாவது சரிபாதி ஆல்கஹால் இருக்க வேண்டும். வீரியத்தைக் கருவி வைத்து அளப்பார்கள். தண்ணீரைத் தவிர வேறு எதையும் கலக்கக் கூடாது. வடித்த காலமும், பாட்டிலில் அடைத்த காலமும் முத்திரைச் சீட்டில் இருக்கும். மூடியின் மேல் ஒட்டிய அந்தச் சீட்டைக் கிழிக்காமல் பாட்டிலைத் திறக்க முடியாது.

இதனால் டெய்லருக்கும் லாபம் உண்டு. அவருடைய சரக்குக்கு மதிப்பு உயர்ந்தது. ஆனால் வாங்குகிறவனுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. 1906-ம் ஆண்டு உணவுக்கும் மருந்துக்கும் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. அதற்கு ஒன்பது வருஷம் முன்பே விஸ்கி பாட்டில் உண்மை பேசத் தொடங்கிவிட்டது!

1920-ல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தது. டெய்லரின் ஆலையும் மூடப்பட்டது. 1923-ம் ஆண்டு ஜனவரியில், 92-வது வயதில் அவர் காலமானார். மதுவிலக்கு 1933-ல் நீங்கியது.

அவர் வாங்கித் தந்த விதி அமெரிக்காவில் இன்றும் இருக்கிறது. ருசி பார்க்கும் நிபுணர்கள், 100 டிகிரி போர்பனில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு முகர்ந்து பார்க்கிறார்கள். காரம் தணிந்து, மரத்தின் மணம் மேலே வரும் என்கிறார்கள். ஆனால் அவர்களும் முதலில் லேபிளைத்தான் படிக்கிறார்கள்.

மது குடும்பத்தைக் கெடுக்கும் என்பது உண்மை. டெய்லரின் கதை நமக்குச் சொல்வது வேறொன்று. எண்ணெயோ மருந்தோ குழந்தைக்கான மாவோ, எதை வாங்கினாலும் சீட்டைப் படித்து வாங்குங்கள். நாக்கு ஏமாறும் இடத்தில் எழுத்து காப்பாற்றும்.