மூன்று ரூபாய் அபராதம் விதித்த நீதிபதி முத்துசாமி ஐயர்

நாளிதழில் நீதிமன்றச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு 302 என்ற எண் புதிதல்ல. குற்றவியல் சட்டத்தில் கொலைக்கு உரிய பிரிவு அது. இந்தியாவிலும் மிக அண்மைக்காலம் வரை கொலைக்கு அதே எண்தான். 1867 வரை மலாக்கா, பினாங்கு, சிங்கப்பூர் மூன்றும் கல்கத்தாவில் இருந்த பிரிட்டிஷ் இந்திய அரசின் கீழ் இருந்தன. பிறகு 1871-இல் இங்கே குற்றவியல் சட்டம் இயற்றப்பட்டபோது இந்தியச் சட்டமே அதற்கு மாதிரியானது. அந்த மூலச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதே காலத்தில் சென்னையில் வழக்கு விசாரித்தவர் திருவாரூர் முத்துசாமி ஐயர்.

இவரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: தெருவிளக்கில் படித்து நீதிபதியானவர். அந்தக் கதை பெரிதாகிப் போனதில், அதைவிட முக்கியமான ஒரு மனிதர் மறைந்துபோனார்.

முத்துசாமி 1832 ஜனவரி 28-ஆம் நாள் தஞ்சைப் பகுதியில் உள்ள உச்சுவாடியில் பிறந்தார். ஏழைக் குடும்பம். தந்தை சீக்கிரமே இறந்துவிட, தாயுடன் திருவாரூருக்கு வந்தார். படிக்க வேண்டிய வயதில் கிராமக் கணக்கரிடம் வேலை. தோட்ட ஆபீசில் கிராணிக்கு உதவியாக ஒரு பையன் இருப்பானே, ஏறக்குறைய அப்படி ஒரு வேலைதான். மாதச் சம்பளம் 1 ரூபாய். சில காலத்தில் தாயும் போய்விட்டார்.

ஒருநாள் ஆற்றங்கரை உடைந்துவிட்டதாகத் தாசில்தாருக்குச் செய்தி வந்தது. விவரம் அறிந்துவர இந்தப் பையன் அனுப்பப்பட்டான். அவன் ஒன்றுவிடாமல் விசாரித்து வந்து சொன்னதைத் தாசில்தார் முதலில் நம்பவில்லை. வேறு ஆளை அனுப்பிப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்ததாம். அந்தத் தாசில்தார் பெயரும் முத்துசாமிதான், முத்துசாமி நாயக்கர். பாராட்டியதோடு நில்லாமல் பையனைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். தெருவிளக்கைச் சொல்கிறவர்கள் இவரையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

சென்னையில், பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியில் பவல் என்ற ஆங்கிலேய ஆசிரியரிடம் படித்தார். 1854-இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டி ஒன்றில் 500 ரூபாய் பரிசு கிடைத்தது. பழைய வேலையில் அந்தத் தொகையைச் சம்பாதிக்க 41 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருக்கும்.

1856-இல் வழக்கறிஞர் தேர்வில் தேறி, தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். பிறகு தஞ்சையில் டெப்டி கலெக்டர், மங்களூர்ப் பக்கம் சார்பு நீதிபதி, 1868-இல் சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட். நல்ல பதவி, நிலையான வருமானம். இருந்தும் சட்டப் பட்டம் இல்லாத குறையை அவர் அப்படியே விடவில்லை. வேலை பார்த்துக்கொண்டே படித்து 1871-இல் பி.எல். தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். அப்போது வயது 39!

மாஜிஸ்திரேட்டாக இருந்தபோதுதான் அந்த வழக்கு வந்தது. தன் இடத்தில் அத்துமீறி நுழைந்த ஓர் இந்தியரை ஆங்கிலேயர் ஒருவர் அடித்துவிட்டார் என்பது புகார். அடித்தவர் சாதாரண ஆள் அல்லர், உயர் நீதிமன்ற நீதிபதி. பதவியில் முத்துசாமி ஐயரைவிட எவ்வளவோ மேலே இருப்பவர். அவரை நேரில் வரச் சொல்ல வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து யோசனை வந்தும் ஐயர் கேட்கவில்லை. அழைப்பாணை அனுப்பினார், விசாரித்தார், 3 ரூபாய் அபராதம் விதித்தார். தொகை அற்பம்தான். ஆனால் வெள்ளைக்கார நீதிபதி ஒருவர் இந்தியரின் முன் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்பதை அன்றைய சென்னை எப்படிப் பேசியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் 1863-லேயே இந்தியர் ஒருவர் நீதிபதியாகிவிட்டார். சென்னைக்கு அந்த வாய்ப்பு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டபோது, சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அதை எதிர்த்து எழுதின. அதற்குப் பதில் எழுத வேண்டும் என்ற ஆத்திரத்தில், திருவல்லிக்கேணியைச் சேர்ந்த 6 இளைஞர்கள் 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சிட்டார்கள். 1878 செப்டம்பர் 20-இல் வார இதழாக வெளிவந்த அந்தப் பத்திரிகைதான் தி இந்து. அந்த அறுவரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், 1882-இல் தமிழில் சுதேசமித்திரனையும் தொடங்கினார். இவர்களில் நால்வர் சட்ட மாணவர்கள், இருவர் ஆசிரியர்கள். ஏறக்குறைய உங்கள் வயதினர்தான்.

முத்துசாமி ஐயர் அரசை எதிர்த்துப் பேசியவர் அல்லர். அரசு கொடுத்த சர் பட்டத்தையும் ஏற்றுக்கொண்டார். எதிர்த்தவர்களுக்கு அவருடைய தீர்ப்புகளே பதிலாயின. 1893-இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். 1895 ஜனவரி 25-இல், 63 வயது நிறைய மூன்றே நாட்கள் இருக்கும்போது காலமானார்.

சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்துக்குள் அவருக்குச் சலவைக்கல் சிலை இருக்கிறது. தலைப்பாகையுடன் உட்கார்ந்திருக்கிறார், காலில் செருப்பு இல்லை.