பாரிஸ்டர் அம்பேத்கார் சட்ட மந்திரியான வரலாறு

நம் தங்கவயலில் பௌத்த சங்கத்தாரின் இல்லங்களில் காணும் பாபாசாகேப்பின் படங்களில் பெரும்பாலானவை மேல்நாட்டு உடையில் அமைந்தவை. அவ்வுடை பகட்டுக்காக அணிந்ததன்று. பாரிஸ்டர் தொழிலோடு வந்தது. போதிசத்துவராக அவரை வணங்கும் நாம், அவர் பல்லாண்டுகள் கட்சிக்காரரை எதிர்நோக்கிக் காத்திருந்த ஒரு வக்கீல் என்பதை மறந்து போகிறோம். ஆதலின் அந்த வக்கீலின் வரலாற்றை இங்கு ஒருவாறு கூற முற்படுகிறோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மௌ என்னும் படைவீட்டு ஊரில் பிறந்ததும், பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913இல் அமெரிக்கா சென்று கொலம்பியாவில் பயின்றதும் நம்மவர் அனைவரும் அறிந்தவையே. பொருளாதாரமே அவர் முதன்மையாகக் கற்ற துறை. சட்டத்தை அதனோடு சேர்த்தே லண்டனில் கிரேஸ் இன் என்னும் கழகத்தில் பயின்று, 1922இல் பாரிஸ்டரானார். மறு ஆண்டு தாய்நாடு திரும்பிப் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ள முற்பட்டபோது அதற்குரிய கட்டணம் கையில் இல்லை. நவல் பதேனா என்னும் பார்சி நண்பர் கொடுத்துதவிய பணத்தால்தான் அவர் வக்கீல் அங்கியை அணிய முடிந்தது.

அங்கி கிடைத்தது, வழக்குகள் கிடைக்கவில்லை. உயர்நீதிமன்றத்தில் பாரிஸ்டருக்கு வழக்கைக் கொணர்ந்து ஒப்படைப்பவர் சொலிசிட்டர். தீண்டப்படாதவர் எனப்பட்ட ஒருவரிடம் வழக்கை ஒப்படைக்க அவர்கள் முன்வரவில்லை. எனவே பெருநகர மன்றத்தில் கற்ற வித்தையைச் சிற்றூர் நீதிமன்றங்களில் காட்ட நேர்ந்தது. குடும்பச் செலவுக்காக 1925 முதல் 1928 வரை கணக்கியல் பயிற்றும் ஒரு நிலையத்தில் வணிகச் சட்டம் போதித்தார். 1926இல் புனாவில் பிராமணரல்லாதார் தலைவர்களான ஜேதே, ஜவல்கர் முதலியோர் மீது ஒரு மராத்தி நூலின் பொருட்டு அவதூறு வழக்கு நடந்தது. கீழ்மன்றத்தில் தண்டனை பெற்ற அவர்களுக்காக மேல்முறையீட்டில் வாதாடி விடுதலை பெற்றுத் தந்தபோதுதான் அவர் பெயர் வக்கீல்கள் நடுவே பேசப்பட்டது. பின்னர் 1935இல் பம்பாய் அரசாங்கச் சட்டக் கல்லூரியின் தலைவரானார். வழக்குக் கொடுக்கத் தயங்கிய சமூகத்தின் பிள்ளைகளே அவரிடம் சட்டம் கற்றனர்!

மஹாத் சவுதார் குளத்து நீரை 1927 மார்ச்சு 20ஆம் நாள் நம் மக்கள் அள்ளிப் பருகிய செய்தியை ஆண்டுதோறும் கூறுகிறோம். அதன் பின்னே நடந்த வழக்கைக் கூறுவோர் சிலரே. அவ்வாண்டு டிசம்பரில் சாதி இந்துக்கள் நீதிமன்றம் சென்று தற்காலிகத் தடையாணை பெற்றனர். முதற் பிரதிவாதி அம்பேத்காரே. ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்த நிலையில், தடையாணையை மீறாது குளத்துப் போராட்டத்தை அவர் நிறுத்தி வைத்தார். அன்று அவர் மீது வருத்தமுற்றோர் உண்டு. ஆயினும், நாளை சட்டத்தையே நம் காவலாகக் கொள்ள வேண்டியவர் இன்று அதனை மீறுதல் தகாது என்று அவர் கருதினார் என்றே நாம் கொள்கிறோம். வழக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீண்டது. குளம் தனியாருடையது என்றும், தீண்டப்படாதாரை விலக்குதல் தொன்றுதொட்ட வழக்கம் என்றும் வாதித்தனர். அவ்வழக்கம் நினைவுக்கெட்டாக் காலந்தொட்டு நிலவியதென்று மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி, 1937 மார்ச்சு 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு குடம் நீருக்குப் பத்தாண்டு! கூலி லைன்களில் குழாயடியில் நின்ற நம் தாய்மார் அந்தப் பொறுமையின் அருமையை அறிவர்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை வகித்தார். ஆலைத் தொழிலாளரின் வேலைநேரம் வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைந்தது 1946ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால். ஆனால் சுரங்கத் தொழிலாளர் வழிவந்த நாம் ஒன்றை மறைத்தல் ஆகாது. போர்க்கால நிலக்கரித் தேவையை முன்னிட்டுப் பெண்கள் சுரங்கத்துள் இறங்கக் கூடாதென்ற தடை 1943இல் நீக்கப்பட்டதும் அவர் பொறுப்பில்தான். 1946இல் அத்தடை மீண்டும் வந்தது.

1947 ஆகஸ்டில் சுதந்திர இந்தியாவின் முதல் சட்ட மந்திரியானார். காங்கிரசை இடைவிடாது எதிர்த்தவர் காங்கிரசு மந்திரிசபையில் அமர்ந்தது இரு சாராருக்கும் எளிதாயிருக்கவில்லை. ஆகஸ்டு 29ஆம் நாள் அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைமையும் வந்து சேர்ந்தது. குழுவினர் எழுவர், ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், சிலர் வேறு பணியிலும் நோயிலும் இருந்தனர். சுமை முழுவதும் அம்பேத்கார் மேலேயே விழுந்ததென்று சபையில் எடுத்துரைத்தவர் நம் சென்னை மாகாணத்து டி. டி. கிருஷ்ணமாச்சாரியார். இத்தனை வேலைக்கிடையே, 1948இல் நம் பேராசிரியர் லட்சுமி நரசு எழுதிய பௌத்த நூலின் மூன்றாம் பதிப்புக்கு முன்னுரை எழுதினார் சட்ட மந்திரி. தமிழ்ப் பௌத்தர் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தி இது.

அவர் மந்திரி பதவியின் உயிர்நிலை இந்து கோட் மசோதா. மகளுக்குச் சொத்தில் பங்கு, விதவைக்கு முழு உரிமை, ஒருதார மணம், மணவிலக்கு, சாதி கடந்த திருமணத்துக்குச் செல்லுபடி ஆகியன அதன் சாரம். சபையில் நான்காண்டு இழுபறி. ராஷ்டிரபதி ராஜேந்திர பிரசாத்தும் எதிர்த்தார். நேரு ஆதரவளித்தார் எனினும், தேர்தல் நெருங்கியபோது மனம் தளர்ந்தார். திருமணப் பகுதியை மட்டுமாவது நிறைவேற்றலாம் என்றனர். 1951 செப்டம்பரில் நான்கு பிரிவுகள் நிறைவேறிய பின் அதுவும் கைவிடப்பட்டது. 27ஆம் நாள் அம்பேத்கார் ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார். தாழ்த்தப்பட்டோர் நலனில் அரசின் புறக்கணிப்பு, அயல்நாட்டுக் கொள்கை முதலிய காரணங்களும் இருந்தன. அக்டோபர் 11ஆம் நாள் சபையில் விளக்கம் கூற எழுந்தபோது, அறிக்கையின் பிரதியை முன்கூட்டியே தரவேண்டும் எனத் துணைச் சபாநாயகர் வற்புறுத்தினார். அவர் சபையை விட்டு வெளியேறி, அறிக்கையைப் பத்திரிகைகளுக்கு அளித்தார். அரசியலமைப்பை ஆக்கியவர் பெண்களின் உரிமைக்காகப் பதவியைத் துறந்தார். இதற்கு நிகராக நம் நாட்டில் மந்திரிகள் விலகிய நிகழ்ச்சிகள் மிகச் சிலவே என்பது எமது துணிபு.

அடுத்த ஆண்டு பம்பாயில் மக்களவைத் தேர்தலில் தோற்றார். ராஜ்ய சபையில் இடம்பெற்றார். அவருடைய மசோதாவோ 1955, 1956ஆம் ஆண்டுகளில் நான்கு தனிச் சட்டங்களாகத் துண்டுதுண்டாக நிறைவேறியது. அச்சட்டங்கள் பௌத்தராகிய நமக்கும் பொருந்துவன. நம் பெண்களின் சொத்துரிமை இன்றும் அவற்றின்படியே. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம உரிமை நாடு முழுவதும் கிடைத்தது 2005இல்தான்.

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் தம்ம தீட்சை பெற்றார். டிசம்பர் 6இல் மறைந்தார். அவர் மந்திரியாயிருந்த 1950ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட அட்டவணைச் சாதியார் ஆணையில் பௌத்தர் இடம்பெறவில்லை. தீட்சை பெற்றோர் அதனால் சலுகை இழந்தனர். கல்லூரியில் சேரும்போது மதத்தின் பெயரை எழுதுவதா விடுப்பதா என்று நம் பிள்ளைகள் தயங்கி நின்றது அக்காலத்தில்தான். அந்த ஆணை திருத்தப்பட்டுப் பௌத்தரும் சேர்க்கப்பட்டது 1990இல். அவர் மறைந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்த பின்.