அறிவுரை வழங்கிய நீதியரசர்

நல்லது சொல்ல அதிகாரம் வேண்டுமா? எங்கள் ஒதியம்பட்டில் வரப்புத் தகராறு வந்தால், கோர்ட்டுக்குப் போகுமுன் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கேட்பார்கள். அவர் சொல் யாரையும் கட்டாது. ஆயினும் அதை மீறுபவன் ஊரார் முகத்தில் விழிக்கக் கூசுவான். உலகுக்கும் அத்தகைய பெரியவர் ஒருவர் உண்டு. ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றமே அது. அதன் தலைவராக வீற்றிருந்த இந்தியர் டாக்டர் நாகேந்திர சிங் ஆவார்.

1914 மார்ச் 18 அன்று இராஜஸ்தானத்தின் துங்கர்பூர் அரச குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று ஐ.சி.எஸ். அதிகாரியானார். அரண்மனைச் சுகத்தை நாடாமல் அலுவலக மேசையை நாடினார். கப்பல் போக்குவரத்துத் துறைத் தலைமை இயக்குநர், குடியரசுத் தலைவரின் செயலாளர், 1972இல் தலைமைத் தேர்தல் ஆணையர் எனப் படிப்படியாக உயர்ந்தார். 1973இல் ஹேக் நீதிமன்ற நீதிபதியானார். 1985 முதல் 1988 வரை அதன் தலைவராக விளங்கினார்.

இம்மன்றத்திற்குப் பணிகள் இரண்டு. நாடுகளின் வழக்குகளுக்குத் தீர்ப்பு வழங்குவது ஒன்று. ஐ.நா. சபையும் அதன் அமைப்புகளும் கேட்கும் சட்டக் கேள்விகளுக்கு ஆலோசனைக் கருத்து கூறுவது மற்றொன்று. முன்னது வழக்காடிய நாடுகளைக் கட்டும். பின்னது எவரையும் கட்டாது.

1974இல் ஸ்பெயின் ஆண்ட மேற்கு சகாரா பற்றி ஐ.நா. பொதுச்சபை கேட்டது. அது யாருக்கும் சொந்தமில்லாத நிலமாக இருந்ததில்லை என்றும், மொராக்கோவுக்கோ மொரிட்டானியாவுக்கோ அங்கு நில ஆட்சியுரிமை இருந்ததாகக் கொள்ள இயலாது என்றும், அம்மக்களின் விருப்பமே முதன்மை என்றும் 1975 அக்டோபர் 16இல் மன்றம் கூறியது. அந்த அமர்வில் நாகேந்திர சிங்கும் இருந்தார். தம் கருத்தைத் தனியாகவும் பதிவு செய்தார். மறு மாதமே மொராக்கோ சுமார் மூன்றரை லட்சம் பேரை அந்த எல்லைக்குள் நடத்திச் சென்றது!

இதைப் படித்தபோது எனக்கு நம் கீழூர் நினைவுக்கு வந்தது. 1954 அக்டோபர் 18இல் அங்கே கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர், எதிர்த்தவர் எண்மர். நம்மைக் கேட்டார்கள். சகாரா மக்கள் இன்னும் கேட்கப்படவில்லை.

அப்படியானால் அந்த அறிவுரை வீணா? இல்லை. இன்றும் அவர்கள் அந்த ஏட்டைக் காட்டித்தான் உரிமை கோருகின்றனர். எங்கள் வீட்டில் முதன்முதல் கல்லூரிப் படி மிதித்தவன் நான். எழுத்தில் நிற்கும் ஒரு சொல்லுக்கு எவ்வளவு வலிமை என்பதை, எழுத்தறியாத வீட்டில் பிறந்தவனே நன்கறிவான்.

அறிவியல் மாணவராகிய நாம் அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. அணு ஆயுதங்களும் அனைத்துலகச் சட்டமும் பற்றி 1959லேயே அவர் நூல் எழுதினார். 1988 டிசம்பர் 11இல் ஹேக் நகரில் மறைந்தார். எட்டாண்டு கழித்து, 1996இல், அதே கேள்விக்கு அதே மன்றம் ஆலோசனைக் கருத்து வழங்கியது. அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகச் சட்டத்திற்கு முரணானது என்றது மன்றம். ஆனால் நாட்டின் உயிருக்கே ஆபத்து நேரும் வேளையில் எப்படி என்று உறுதியாகச் சொல்லவில்லை. நீதிபதிகள் எழுவர் ஒருபுறம், எழுவர் மறுபுறம்; தலைவரின் வாக்கே முடிவு செய்தது.

வாள் இல்லாத நீதி வலுவற்றதாகத் தோன்றலாம். ஆனால் கேட்டுவிட்ட பிறகு, தெரியாது என்று எவரும் தப்ப முடியாதன்றோ! அந்த நம்பிக்கையோடு உழைத்தவர் நாகேந்திர சிங். அவர் வாழ்வை நாமும் படிப்போம்.

— இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவன், ஒதியம்பட்டு